கேள்வி – பதில்: திறந்த அணுகலும் இணையவழி வகுப்பும்

கேள்வி: இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றில் பாடம் நடத்துகிறேன். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரையின் கோப்பை நானே பாடத்தளத்தில் ஏற்றலாமா? அதிலுள்ள வரைபடங்களை எளிமையாக்கிப் பாடக்குறிப்பில் சேர்க்கலாமா?
– ஒரு பேராசிரியர்

பதில்: அந்தக் கட்டுரைக்கு என்ன உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே இதற்கு விடை சொல்ல முடியும். கட்டணமின்றிப் படிக்க முடிகிறது என்பதாலேயே ஒரு கட்டுரை திறந்த அணுகலுக்கு உரியதாகிவிடாது. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம், படிப்பதோடு தரவிறக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும் தடையின்றி இருப்பதையே திறந்த அணுகல் என்று வரையறுத்தது. கட்டுரையாளரின் பெயரைச் சொல்ல வேண்டும், அவருடைய ஆக்கத்தைச் சிதைக்கக் கூடாது என்பவற்றை மட்டுமே அது கட்டுப்பாடாக ஏற்றது. பதிப்பகம் தன் விருப்பப்படி சில மாதங்களுக்குத் திறந்துவைக்கும் கட்டுரையில் இந்த உரிமைகள் உங்களுக்கு வந்துவிடுவதில்லை. அது மறுபடி மூடப்படவும் கூடும்.

ஆகவே கட்டுரையின் முதல் பக்கத்திலோ இறுதியிலோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (தன் ஆக்கத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் முன்கூட்டியே அறிவிக்கும் பொது உரிமம்) குறிக்கப்பட்டுள்ளதா என்று தேடுங்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை இருந்தால், கோப்பைத் தாராளமாக ஏற்றலாம். வரைபடத்தை மாற்றி வரையலாம், மாணவர்களின் மொழியில் பெயர்த்தும் தரலாம். என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதை அதனருகே சொல்லிவிட்டால் போதும். மாற்றம் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் முழுக் கட்டுரையை அப்படியே வழங்கலாமே தவிர, மாற்றியமைத்த வரைபடத்தையோ மொழிபெயர்ப்பையோ வெளியிட முடியாது. வணிக நோக்கம் கூடாது என்ற நிபந்தனைதான் சிக்கலானது. கட்டணம் வாங்கும் படிப்பு அதில் அடங்குமா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால், கட்டுரையாளருக்கு எழுதி இசைவு பெற்றுவிடுவது நல்லது. மேலும், ஒரு கட்டுரை திறந்த உரிமத்தில் இருந்தாலும், வேறிடத்திலிருந்து இசைவு பெற்று அதில் சேர்க்கப்பட்ட படம் அந்த உரிமத்துக்குள் வராமல் இருக்கலாம். படத்தின் கீழுள்ள குறிப்பையும் படிக்காமல் எடுக்காதீர்கள்.

உரிமம் எதுவும் இல்லையென்றால் இணைப்பை மட்டும் கொடுங்கள். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கட்டுரை பின்னர் திருத்தப்பட்டாலோ திரும்பப் பெறப்பட்டாலோ இணைப்பின் வழியே செல்லும் மாணவருக்கு அது தெரியவரும். நீங்கள் ஏற்றிவைத்த பழைய கோப்பைப் படிப்பவருக்குத் தெரியாது. கற்பித்தலுக்காகச் சட்டம் தரும் விலக்குகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறை, கடவுச்சொல் போன்ற பாதுகாப்புள்ள பாடத்தளங்களைக் கருத்தில்கொண்டே எழுதப்பட்டது. ஆனால் இவை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் கேட்டுக்கொண்டு செயல்படுங்கள்.

கேள்வி: திறந்த அணுகலில் வெளியிட ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும் என்று என் துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். நிதியுதவி இல்லாத எனக்கு வழியே இல்லையா?
– ஓர் ஆய்வு மாணவி

பதில்: நிச்சயமாக இருக்கிறது. இளம் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு தீங்கு செய்யும் தவறான எண்ணம் இத்துறையில் வேறொன்று இல்லை என்பேன். இந்த எண்ணம் பரவியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நேச்சர் ஆய்விதழ் ஒரு கட்டுரையைத் திறந்த அணுகலில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் வாங்கப்போவதாக 2020இல் அறிவித்தது. படிப்பவர் முன் இருந்த சுவரை எழுதுபவர் முன் கொண்டுவந்து நிறுத்துவதைச் சீர்திருத்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கட்டணம் வாங்குவது பல வழிகளில் ஒன்று மட்டுமே. எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் கேட்காத ஆய்விதழ்களை வைர வழி என்பார்கள்; பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் அவற்றின் செலவை ஏற்கின்றன. பிரேசிலில் 1997இல் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய சைலோ என்னும் இணையவழி ஆய்விதழ்த் திட்டம், பொது நிதியைக் கொண்டு இத்தகைய பதிப்புமுறையைப் பெரிய அளவில் நடத்த முடியும் என்று காட்டியது. 2003இல் தொடங்கப்பட்ட டிஓஏஜே என்னும் திறந்த அணுகல் ஆய்விதழ் அடைவில் தேடுங்கள். அங்கு பட்டியலிடப்பட்ட இதழ்களில் பெரும்பாலானவை கட்டுரைக் கட்டணம் வாங்குவதில்லை.

மற்றது பச்சை வழி. நீங்கள் விரும்பும் இதழ் சந்தா இதழாகவே இருந்தாலும், மதிப்பாய்வுக்குப் பிறகு திருத்தி அனுப்பி, ஏற்கப்பட்ட உங்கள் சொந்தக் கோப்பை, அதாவது பதிப்பகம் பக்கம் வடிவமைப்பதற்கு முந்தைய படியை, பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் இசைகின்றன. சில உடனே அனுமதிக்கும். சில ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்லும். அந்தக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள், இணைக் கட்டுரையாளர்களின் சம்மதத்தையும் அப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். பதிப்புரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2008 பிப்ரவரியில், தங்கள் கட்டுரைகளைப் பகிரும் உரிமையை முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கு அளித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதனால் ஒவ்வொரு கட்டுரையாளரும் பதிப்பகத்தோடு தனித்தனியே பேரம் பேச வேண்டிய நிலை பெரிதும் குறைந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கொள்கை உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

கேள்வி: என் காணொலி விரிவுரைகளை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஓர் உதவிப் பேராசிரியர்

பதில்: விரிவுரை உங்களுடையதா பல்கலைக்கழகத்தினுடையதா என்பதைப் பணி ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். மாணவர்களின் முகமும் குரலும் பதிவாகியிருந்தால் அவர்களின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. பிறகு, எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் இலாப நோக்கமின்றித் தொடங்கிய எடெக்ஸ் என்னும் இணையவழிப் படிப்புத் தளம், 2021இல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆகவே காணொலித் தளத்தில் ஏற்றினாலும், பாடக்குறிப்பு, வசன வரிகள், காணொலி ஆகியவற்றின் ஒரு படியை உரிமம் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் செனோடோ என்னும் இணையக் களஞ்சியத்திலோ சேர்த்துவிடுங்கள். செனோடோ ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான அடையாள எண் தருவதால், மற்றவர்கள் உங்கள் பாடத்தை மேற்கோள் காட்டவும் முடியும்.