அனுமதி யார் தர வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணி. வயது ஐம்பத்தொன்று. ஒரு புத்தகத்தால் உறக்கம் கெட்டுப்போனது என்று இந்த வயதில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றி 1985இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு அது. குழுவினரின் அனுமதி இல்லாமல் வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இசை கேட்கும் நண்பர்கள் நாங்கள் நால்வர். பழைய பிரதி ஒன்று எங்களுக்குள் கைமாறியது. விடுதி அறைகளில் நடந்த அட்டூழியம், போதைப்பொருள், இளம்பெண்களிடம் நடந்துகொண்ட விதம் என்று பக்கத்துக்குப் பக்கம் அதே கதைதான். சொன்னவர் யார்? பெரும்பகுதி, அவர்களிடம் சம்பளம் வாங்கிய சுற்றுப்பயண மேலாளர் ரிச்சர்ட் கோல். கூட இருந்து உண்டவரே இப்படிப் பேசலாமா?

படித்த நண்பர்களில் ஒருவர், ராக் இசைக்காரர்கள் வேறு எப்படி இருப்பார்கள் என்று சிரித்தார். இன்னொருவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இனி அந்தப் பாட்டு தன் வீட்டில் ஒலிக்காது என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர், ஆள் வேறு, இசை வேறு என்று முடித்துக்கொண்டார். எழுதியவரை ஒருவர்கூடக் குற்றம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவர்களோடு சண்டையிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவதில்லை.

இந்த இசையை எனக்குக் காட்டியவர் என் அண்ணன். பெங்களூரில் வேலை பார்த்த அவர் சனிக்கிழமை இரவு கடைசிப் பேருந்தில் வரும்போது பையில் ஒரு கேசட்டாவது இருக்கும். அவர் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்கள் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியுமா? டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய முடிவைச் சொல்லும் பகுதியை நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

அனுமதி பெறாமல் ஒருவருடைய வாழ்க்கையைக் கிளறுவது அநியாயம் என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. வீட்டிலும் இதே பேச்சாக இருக்கிறேன் என்று மனைவி கோபிக்கிறார். அண்ணனின் மகள், சேலத்தில் கல்லூரியில் படிப்பவள், அண்ணனோடு பெங்களூரில் ஒரே அறையில் தங்கியிருந்தவரைத் தேடிப் போய் அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறாளாம்; அண்ணி சொல்லி அழுதார். மாரடைப்பு என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது குடும்ப விஷயம், அதைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை.

கூட இருந்தவர்கள் காட்டிக்கொடுத்ததை அச்சிட்டு விற்பது எந்த நியாயத்தில் சேரும்? அந்தப் பாடல்களை நான் மறுபடி நிம்மதியாகக் கேட்க என்ன வழி?

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வரவில்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த விஷயத்துக்கே பதில் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கடிதத்தில் அண்ணன் மகளுக்குக் கிடைத்த இடம் மூன்று வரிதான் என்றாலும், ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர், குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல், அவருடைய வாழ்க்கையைப் பிறருக்குச் சொல்கிறார் என்று நீங்கள் பக்கம் பக்கமாகக் கொதிக்கும் அநியாயம் அந்த மூன்று வரிக்குள்தான் நடக்கிறது. எங்கோ இங்கிலாந்தில், உங்களுக்கு முகம்கூடத் தெரியாத நால்வருக்காக ஒருவர் உறக்கத்தை இழப்பது அரிது.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பெரிதும் கோலின் நினைவுகளைச் சார்ந்திருப்பதும், குழுவினர் அதை ஏற்காததும் உண்மை. அதை ஜன்னல் வழியே வீசி எறிந்ததாகக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார். ஆகவே அதில் உள்ளதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அனுமதி பெறாதது என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடுவதில்லை. அனுமதியோடு எழுதப்பட்ட எத்தனையோ வாழ்க்கை வரலாறுகள் உண்மையைச் சொல்லாமலே முடிந்திருக்கின்றன. பெண் பிள்ளைகளைப் பெற்ற உங்கள் நண்பரின் மனக்கசப்பும் நியாயமானதே. அவரோடு சண்டையிட்டது வீண்.

நீங்கள் படிக்காமல் விட்ட பகுதி வேறு வகை. பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று, 32 வயதில், அளவுக்கு மீறி வோட்கா குடித்து, உறக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்து இறந்தார். இதை அந்தப் பத்திரிகையாளரோ கோலோ கிளப்பிவிடவில்லை. மரண விசாரணையில் வெளிப்படையாக அறியப்பட்டது. அப்போது அவருடைய மகன் ஜேசனுக்கு வயது 14. தந்தை எப்படி இறந்தார் என்பது ஊருக்கே தெரிந்திருக்க வளர்ந்த அந்த மகன், 2007இல் லண்டனில் அந்தக் குழு மீண்டும் மேடையேறிய இரவில் தந்தையின் இடத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். உண்மை தெரிந்ததனால் அவருக்குத் தந்தை இல்லாமல் போய்விடவில்லை.

உங்கள் அண்ணன் எப்படி இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லி வைத்திருக்கிறோம் என்ற சொற்களும், படிக்கத் தேவையில்லை என்று நீங்கள் தாண்டிய அந்தப் பகுதியும் சேர்ந்து, குடி என்றே என்னை எண்ணவைக்கின்றன. தவறாக இருந்தால் திருத்துங்கள். வேறு காரணமாக இருந்தாலும் இனி நான் சொல்வதில் பெரிதாக எதுவும் மாறாது.

இதில் நான் உங்கள் பக்கம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறேன். தந்தை இறந்தபோது குழந்தையாக இருந்தவளிடம் மாரடைப்பு என்று சொன்னதில் பிழை காண மாட்டேன். கணவனை இழந்த அண்ணியை ஊர்ப் பேச்சிலிருந்து காக்க அன்று அது வேண்டியிருந்திருக்கும். இன்று அவள் வளர்ந்த பெண். தந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள மகளுக்கு யார் அனுமதி தர வேண்டும்? நீங்களா? சித்தப்பாவிடம் கேட்டால் பதில் வராது என்று தெரிந்துதான் அவள் அந்த நண்பரைத் தேடிப் போயிருக்கிறாள். அதை அவள் துணிச்சல் என்பதைவிட, வீட்டில் உள்ள மௌனத்தின் அளவு என்பேன்.

அந்த நண்பர் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அறையில் ஒன்றாக இருந்தவருக்கு அந்த அறைதான் தெரியும்: இரவுகள், பாட்டில்கள், கடன்கள், விழுந்து கிடந்த நாட்கள். சனிக்கிழமை கடைசிப் பேருந்தில் கேசட்டோடு வந்திறங்கியவரை அவர் அறியமாட்டார், அறிந்தவர் நீங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் வரையில், அவளுக்குத் தந்தை என்பவர் அந்த அறைக்குள் இருந்த மனிதர் மட்டுமே. கோலின் வாய்மொழி அவ்வளவு பெரிய புத்தகமானதற்கும் இதுவே பாதிக் காரணம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் வாய் திறக்காத இடத்தில், திறந்தவரின் கதையே வரலாறாகிவிட்டது.

குடியைச் சொல்லிவிட்டால் அண்ணனிடம் குடி மட்டுமே மிஞ்சும் என்று அஞ்சுகிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய இரங்கற்பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்டதில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தருவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறாள். அன்றைய கள்ளையும் உங்கள் அண்ணனின் உயிரைக் கொண்டுபோன குடியையும் ஒன்றாக்கிப் பேசவில்லை. அன்பு வைத்தவரை முழுதாகச் சொல்லியே அழலாம், எதையும் கழித்துவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு பகுதியை மறைத்தே அண்ணனுக்காக வருந்திக்கொண்டிருக்கிறீர்கள். முழு மனிதருக்காக நீங்களும் இன்னும் அழவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் அண்ணியிடம் பேசுங்கள். அவர் அறியாமல் மகளிடம் பேசுவது அவருக்குச் செய்யும் துரோகம். பிறகு இருவருமாக அவளிடம் சொல்லுங்கள். குடிநோய்க்கு ஆட்படும் தன்மையில் மரபுக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதால், இது அவள் தன் உடல்நலத்துக்காகவும் அறிய வேண்டிய செய்தி. அவர் குடிகாரர் என்று சொல்லாமல், குடிநோயால் இறந்தார் என்று சொல்லுங்கள். கேள்விகள் உங்களால் தாங்க முடியாத அளவுக்குப் போனால், பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குடிநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குடும்பத்தாரும் அங்கே ஆலோசனை பெறலாம்.

பாடல்களை மறுபடி கேட்பது பற்றி இப்போது என்னிடம் கேட்காதீர்கள். அது இரண்டாவதாக வரட்டும். இத்தனை ஆண்டுகள் ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கட்டாயம் கேட்பாள், கோபப்படுவாள்; விளக்கம் சொல்லி அந்தக் கோபத்தை உடனே அணைக்கப் பார்க்காதீர்கள். அது முழுவதும் அண்ணியின் மேல் விழுந்துவிடாதபடி, மாரடைப்பு என்று சொல்ல முடிவெடுத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை அவளிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்