மீதமான கருக்கள், முட்டை தானம், ஆண் வாரிசு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், வக்கீல் இல்லை. சட்டத்தில் எங்கள் வேலையைத் தொடும் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து: ஆச்சி, மதுரையில் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்து பையன் பிறந்துவிட்டான். மீதிக் கருக்கள் அங்கேயே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வார்கள்?

தம்பி, முதலில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தைத் தேடி எடுங்கள். உங்கள் கரு ஒரு மெல்லிய ஸ்ட்ராவின் நுனியில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது. ஸ்ட்ராவின் மேல் உங்கள் இருவர் பெயரும் உறைய வைத்த தேதியும் இருக்கும். 2021இல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி அதிகபட்சம் 10 ஆண்டு வைக்கலாம். அப்புறம் அழிய விடலாம், இல்லையென்றால் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம், அதுவும் உங்கள் சம்மதம் இருந்தால் மட்டும்தான். முட்டை எடுக்கும் நாளில், பயமும் பதற்றமுமாக இருக்கும்போது, பத்துத் தாளை நீட்டி இங்கே அங்கே கையெழுத்துப் போடச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆராய்ச்சிக்கான சம்மதத்தைத் தனியாக, வேறொரு நாளில், உட்கார வைத்துப் பேசித்தான் கேட்க வேண்டும்.

அதே தம்பி: ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் குழந்தையாகவே வளர்த்துவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்கள்.

மாட்டார்கள் என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் மனிதக் கருவை வளர்க்கக் கூடாது. உடலின் தலைப்பக்கம், கால்பக்கம் எது என்று காட்டும் முதல் கோடு கருவில் தோன்றுவது ஏறக்குறைய அப்போதுதான். அது முன்னாலேயே தோன்றிவிட்டால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். பிரிட்டனில் 1984இல் அரசு அமைத்த வார்னாக் குழு இந்த எல்லையைப் பரிந்துரைத்தது, 1990இல் அங்கே சட்டமானது. ஜெர்மனி அதே 1990இல் கரு ஆராய்ச்சியையே தடுத்துவிட்டது. மரபணுவைத் திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதும் இந்தியாவில் கூடாது. 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி அப்படிச் செய்து இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள், அவருக்கு மூன்று ஆண்டு சிறை.

கானாடுகாத்தானிலிருந்து: இரண்டும் பெண். புள்ளிக்கு, அதாவது குடும்பம் தொடர, ஒரு பையன் வேண்டும். பார்த்துத் தேர்ந்தெடுத்து வைப்பார்களா?

கூடாது அண்ணே. அப்படித் தேர்ந்தெடுத்துத் தருவதாக ஒரு மருத்துவமனை விளம்பரம் செய்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் முதல் 25 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே. பரம்பரை நோய் இருக்கிறதா என்று சோதிக்கலாம், ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது. வாரிசு இல்லாத வீடுகளில் சுவீகாரம் எடுத்து நிம்மதியாக வாழ்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! உங்களுக்கோ இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: கருமுட்டை கொடுத்தால் பணம் தருவதாக ஒரு ஏஜெண்ட் அக்கா சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள் அம்மா. முட்டையை விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம். கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, 12 மாதக் காப்பீடும் எடுத்துத் தர வேண்டும். எல்லாம் பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான். 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணிடம், ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப முட்டை எடுத்தது வெளியே வந்ததே, அதிலும் தரகர்தான் நடுவில். முட்டை எடுப்பதற்காகப் போடும் ஹார்மோன் ஊசி அளவு மீறினால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஏஜெண்ட் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

கல்யாணம் ஆகாத பெண் ஐ.வி.எஃப். செய்துகொள்ளலாமா?

21 வயதுக்கு மேல் 50க்குள் என்றால் செய்யலாம்.

சிங்கப்பூரிலிருந்து: எங்கள் கருவை இங்கே கொண்டுவரலாமா ஆச்சி?

உங்கள் சொந்த உபயோகத்துக்கு என்றால், இந்தச் சட்டப்படி அமைந்த இந்தியாவின் தேசிய வாரியத்தின் அனுமதி வாங்கிக் கொண்டுபோகலாம். அனுமதி கைக்கு வரும் முன்னால் கூரியருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அங்கே உள்ள மருத்துவமனை ஏற்றுக்கொள்ளுமா என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.