பூகோள வாத்தியார் பதில்கள்: கடலுக்குக் கீழே ஒரு நாடு

(பதில் சொல்பவர்: திருத்துறைப்பூண்டிப் பக்கம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

கேள்வி: சார், என் மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். அவன் ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். இங்கே ஐப்பசியில் ரெண்டு நாள் மழை பெய்தாலே வயலில் தண்ணீர் வடிவதில்லை. அவர்கள் எப்படிக் கடலைத் தூர்த்தார்கள்?
– வாசகி, தலைஞாயிறு

பதில்: பெரும்பாலும் தூர்க்கவில்லை அம்மா, இறைத்தார்கள். கோடையில் குட்டையை இறைத்து மீன் பிடிக்கிறோமே, அதே வேலைதான். ஏரியையோ ஆழமில்லாத கடலையோ சுற்றிக் கரை போட்டு, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார்கள். அப்படிக் கிடைக்கும் நிலத்துக்கு போல்டர் என்று பெயர். பீம்ஸ்டர் என்ற ஏரியை 1612-இல் காற்றாலைகளை வைத்தே இறைத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையம் இருக்கும் இடமும் ஏரிதான். நீராவி எஞ்சின் வைத்து இறைத்து, 1852-இல் காயவைத்தார்கள். மகனைப் பார்க்கப் போனால் நீங்கள் இறங்குவதே கடல்மட்டத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே!

நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படிப் பள்ளம். வயலோர வடிகாலில் சேரும் தண்ணீரை பம்ப் தூக்கி, மேட்டுக் கால்வாயில் விடும். அங்கிருந்து ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் படகு போகும், மறுபக்கம் அதைவிடத் தாழ்வில் மாடு மேயும்.

நம் நிலம் காவிரி வண்டல். கடலோரத்திலும் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குச் சற்று மேலேதான். ஆகவே தானாக வடியட்டும் என்று விட்டிருக்கிறோம். கடைமடை நீரொழுங்கியில் லஸ்கர், அதாவது மதகைக் கவனிக்கும் ஊழியர், ஷட்டரைத் திருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறினால் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் ஷட்டரை இறக்க வேண்டும். ஓதம் இறங்கினால்தான் தூக்கலாம். அதுவரை சம்பாப் பயிர் முழுகிக் கிடக்கும். வடிகாலில் ஆகாயத்தாமரை வேறு மண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவர்கள் பாடும் லேசில்லை. மேற்கே பல இடங்களில் பீட் மண், அதாவது செடிகொடி மக்கிச் சேர்ந்த மண். தண்ணீரை வடித்தால் அது சுருங்கும், காற்றுப் பட்டு மக்கிப் போகும், தரை இறங்கும். தரை இறங்கினால் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும். அங்கே பல ஊர்கள் கடல்மட்டத்துக்குக் கீழே போனதே இப்படி வடித்து வடித்துத்தான்.

எனக்குப் பொறாமை அவர்களுடைய பம்ப் மேல் இல்லை. நீர் வாரியம் என்று தனியாக வைத்து, அதற்குத் தேர்தல் நடத்தி, தனி வரியும் வாங்குகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் அது. கரை, வடிகால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் ஊரில் வடிகால் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு ஆபீஸைக் காட்டுவார்கள்.

கேள்வி: கரை உடைந்தால்?
– வாசகர், முத்துப்பேட்டை

பதில்: உடைந்திருக்கிறது. 1953 ஜனவரி 31 இரவு புயலில் வடகடல் பொங்கி, தென்மேற்குப் பகுதியில் கரைகள் அறுத்துக்கொண்டன. இறந்தவர்கள் 1,836 பேர். அதன் பிறகுதான் கடல்வாய்களை அடைக்கும் டெல்டா திட்டம் வந்தது. ராட்டர்டாம் துறைமுக வழியில் 1997-இல் திறந்த தடுப்பு வாயில் எப்போதும் திறந்தே கிடக்கும். கடல் பொங்கும்போது மட்டும் மூடும்.

கேள்வி: அங்கே மலையே இல்லையாமே?
– மாணவி, மன்னார்குடி

பதில்: தென்கிழக்கு மூலையில் வால்சர்பெர்க் என்று 322 மீட்டரில் ஒரு குன்று. ஜெர்மனி, பெல்ஜியம் எல்லைகளும் அங்கே வந்து சேரும். ஆனால் அந்த நாட்டைச் சேர்ந்த கரீபியத் தீவான சாபாவில் 850 மீட்டருக்கு மேல் ஒரு எரிமலை உண்டு. க்விஸ் போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தார்களே, நமக்கும் ஒரு நல்ல வடிகால் வெட்டித் தந்திருக்கலாமே?
– வாசகர், கீழ்வேளூர்

பதில்: துணி வாங்க வந்தவர்கள். கோட்டை கட்டினார்கள்.