அப்பாவின் காருக்கு நான்காவது கடனா?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற சொகுசு செடான் காரை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். 18 வயது வண்டி, 2,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் போனபோது ஒரு தனிநபர் கடன் வாங்கினேன். பெயிண்ட், லெதர் சீட் எல்லாம் புதுப்பிக்க இன்னொரு கடன், 16% வட்டி, மூன்று வருடம். காற்றுப் பைகளில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிட்டபோது கிரெடிட் கார்டில் தவணை. மாதச் சம்பளம் 100 என்றால் இவற்றுக்கு முறையே 9, 8, 6 போகிறது, சராசரியாக இன்னும் 20 மாதம் பாக்கி. வீட்டுக் கடன் 35, குடும்பச் செலவு 35. இப்போது வண்டி ஆயில் குடிக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அதே கணக்கில் 150 ஆகும் என்கிறார் மெக்கானிக். பழைய பாக்கியையும் எஞ்சின் செலவையும் சேர்த்து ஐந்து வருட டாப்-அப் கடன் தருவதாக வங்கியில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், தவணையும் குறையுமாம். அண்ணனோ, "அப்பா வண்டியை விற்காதே, பழையபடி ஆக்கு, பத்து வருடத்தில் கிளாசிக் ஆகி விலை ஏறும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய சொகுசு கார் செலவு வைக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. என் கவலை வேறு. ஒர்க்‌ஷாப் பில் வரும்போதெல்லாம் நீங்கள் அதன் மொத்தத்தைப் பார்ப்பதில்லை, "மாதம் எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்கிறீர்கள். 6 என்றால் சின்னதாகத் தெரிகிறது. மூன்று சின்னது சேர்ந்து 23 ஆகிவிட்டது, கையில் நிற்பது 7.

பெயிண்ட் கடனையே எடுத்துக்கொள்வோம். 16% வட்டி, மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கியது ஏறக்குறைய 228. கட்டுவது 8 × 36, அதாவது 288. பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல் வட்டியாகவே போகிறது, அதுவும் வண்டி ஓடுவதற்குத் தேவையே இல்லாத ஒரு வேலைக்காக.

இப்போது டாப்-அப். மூன்று கடனிலும் சராசரியாக 20 மாதம் பாக்கி. இப்படியே கட்டினால் 460-இல் முடிந்துவிடும். எஞ்சினுக்கு 150 என்கிறீர்கள், அதைச் சேமித்துச் செய்தால் மொத்தம் 610. டாப்-அப்பில் இன்றைய அசல் 400, எஞ்சின் 150, ஆக 550. அதே வட்டியில் ஐந்து வருடத்துக்குத் தவணை 13 சொச்சம்தான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கட்டி முடிக்கும்போது 800 ஆகியிருக்கும். கூடுதலாகப் போகும் 190 கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். செயல்முறைக் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை. அப்புறம், குறைந்த அந்தப் பத்து சும்மா இருக்காது. அடுத்த பில் வந்து அதில் உட்காரும்.

உங்கள் ஏர் சஸ்பென்ஷன் எப்படிப் போனது என்று மெக்கானிக்கைக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் ரப்பர் பையில் மயிரிழை வெடிப்பில் ஆரம்பிக்கும். காற்று கசியக் கசிய, உயரம் குறையாமல் இருக்க, காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் கம்ப்ரஸரே கருகும். உங்கள் வீட்டில் அந்தக் கம்ப்ரஸர் உங்கள் சம்பளம்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று பல கார் கம்பெனிகள் சொன்னதை எல்லோரும் நம்பினோம். பல சொகுசு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. நானும் இப்படியொரு செடானை வைத்திருந்தவன்தான். ஒருநாள் ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றியபோது, அது மாட்டியிருந்த பிளாஸ்டிக் கழுத்து காய்ந்த சுண்ணாம்பு மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்தேன்!

அதனால் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரும் கம்பெனி சொன்ன அளவுக்குள், ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டினால், பிரிக்கும் பேச்சே இப்போதைக்கு வேண்டாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வ் அடைத்தாலும் ஆயில் குறையும், அது சின்ன வேலை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? வால்வ் சீலைச் சந்தேகப்படலாம், அதைப் பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றுகிறார்கள். டெஸ்டில் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால், வண்டியை மூடி நிறுத்திவையுங்கள். கடன்கள் முடிந்து பணம் சேரும்வரை நின்றால் குடி முழுகிவிடாது.

இதற்கிடையில் மாதம் 4 தனிக் கணக்கில் போகட்டும். அதிலிருந்து பிரேக், டயர், கூலிங் மூன்றுக்கும்தான் முதலில் செலவு. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது, மாற்றிவிடுங்கள். மீதி 3, போனஸ் வந்தால் அது, எல்லாம் கிரெடிட் கார்டு பாக்கிக்கு. மூன்றில் அதிக வட்டி அதற்குத்தான் இருக்கும். கடன்கள் முடிந்ததும் கிடைக்கும் 23-இல் 10 காருக்கு என்று வைத்தால், எஞ்சின் வேலை 15 மாதத்தில் கைக்காசில் முடியும்.

கிளாசிக் கதையை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் செய்து விற்ற நான்கு கதவு செடான், அதுவும் இவ்வளவு ஓடியது, அத்தனை சுலபத்தில் யாருக்கும் பொக்கிஷம் ஆகாது. ஆகவே ஆகாது என்று சொல்லவில்லை. அந்த நம்பிக்கைக்கு 16% வட்டி கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணனிடம் கோபப்பட வேண்டாம். அப்பா பிடித்த ஸ்டீயரிங், அவருக்கும் அந்த ஆசை இருக்கத்தானே செய்யும். தனிக் கணக்கின் எண்ணை அனுப்பி, "அண்ணா, மாதம் இவ்வளவு நான் போடுகிறேன், நீங்களும் அதே அளவு போடுங்கள்" என்று கேளுங்கள். போட்டால் எஞ்சின் வேலை சீக்கிரம் முடியும். மூன்று மாதம் பார்த்தும் வரவில்லை என்றால், விற்பதா வைப்பதா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வங்கிக்காரர் மறுபடி கூப்பிட்டால், கம்ப்ரஷன் டெஸ்ட் முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லி வையுங்கள்.