மரியா கிளாராவுக்குப் பிறகு: பிலிப்பைன்ஸ் பெண் எழுத்து பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எல்லாரும் மரியா கிளாராவில் தொடங்குகிறார்களே, யார் அவள்?

ஓர் ஆண் எழுதிய பாத்திரம். பிலிப்பைன்ஸின் தேசிய வீரரான ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மீ தாங்ஹெரே' நாவலின் நாயகி. அடக்கம், கண்ணீர், கடைசியில் கன்னிமடம். ரிசால் அவளை முன்மாதிரியாகத்தான் படைத்தாரா என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் ஊர் அவளை அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

கேள்வி: எழுத வந்த பெண்கள் உடனே அவளைத் தூக்கி எறிந்தார்களா?

எங்கே! 1925இல் பாஸ் மார்கெஸ் பெனிடெஸ் எழுதிய 'டெட் ஸ்டார்ஸ்' அந்நாட்டு ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கம் என்பார்கள். கதை முழுக்க ஓர் ஆணின் மனசுக்குள்தான் ஓடுகிறது. நிச்சயித்த பெண் ஒருத்தி, அவன் மனம் நாடுபவள் இன்னொருத்தி. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவன் கண் வழியாகத்தான் ஊகிக்க வேண்டும். எஸ்த்ரெல்யா அல்ஃபோனின் 'மேக்னிஃபிசென்ஸ்' வேறு ரகம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்து பென்சில் கொடுக்கும் 'நல்ல மனிதன்' சிறுமியிடம் தவறாக நடக்கிறான். சாதுவாக இருந்த தாய் அவனை அறைந்து விரட்டுகிறாள். இன்னொரு கதைக்காக அல்ஃபோன் மேல் ஆபாச வழக்கே போட்டார்கள்.

கேள்வி: ஒரே ஒரு நாவல்தான் படிக்க நேரம் என்றால்?

லுவால்ஹாதி பவுதிஸ்தாவின் 'தெகாதா 70'. சர்வாதிகாரி ஆன அதிபர் மார்கோஸ் 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த காலத்துக் கதை. அமாண்டா நடுத்தரக் குடும்பத் தலைவி, ஐந்து மகன்களின் தாய். மூத்தவன் புரட்சிப் படையில் சேருகிறான், இன்னொருவன் கொல்லப்படுகிறான். அரசியல் என்றால் என்னவென்று மகன்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் கணவன் பக்கம் திரும்பி, இந்த வீட்டில் நான் யார் என்று கேட்கிறாள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிசை: நாட்டின் சர்வாதிகாரம் முதலில் புரிகிறது, சாப்பாட்டு மேஜையின் சர்வாதிகாரம் பிறகு. மார்கோஸ் ஆட்சியிலேயே, 1983இல், பலாங்கா என்னும் அந்நாட்டு இலக்கியப் பரிசு பெற்றது இந்த நாவல். எழுதிய மொழியும் ஆங்கிலமல்ல, சாதாரண ஜனங்கள் பேசும் ஃபிலிப்பினோ.

கேள்வி: அவரே எழுதிய லேயா?

'பாத்தா, பாத்தா... பானோ கா கினாவா?' நாவலின் நாயகி. இரண்டு பிள்ளைகள், இரண்டு தகப்பன்கள், வெளிவேலையும் உண்டு. பெரும்பாலோர்க்கு இன்றுவரை விவாகரத்துச் சட்டமே இல்லாத கத்தோலிக்க நாட்டில், 1980களில், இப்படி ஒருத்தியைக் கெட்டவளாக்காமல் எழுத நெஞ்சுரம் வேண்டும். 1998இல் படமானது, வில்மா சாந்தோஸ் நடித்தார்.

கேள்வி: எப்போது பார்த்தாலும் தாய்தானா? இதுவும் ஒரு கூண்டுதானே?

நியாயமான கேள்வி. நினோச்கா ரோஸ்காவின் 'ஸ்டேட் ஆஃப் வார்' (1988) சித்திரவதையைத் தாண்டி வந்த அன்னாவைக்கூடக் கடைசியில் கர்ப்பிணியாகத்தான் விடுகிறது. ஆனால் தாய்மையை இவர்கள் பூஜிப்பதில்லை, அதன் விலையைக் கேட்கிறார்கள். தாய் வேண்டாம் என்றால் கெரிமா போலோடனின் 'தி வர்ஜின்' படியுங்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காலம் தள்ளும் முதிர்கன்னியின் கதை. இல்லையென்றால் ஜீனா அப்போஸ்டோலின் 'இன்சுரெக்டோ' (2018). அதில் ஒரு ஃபிலிப்பினோ மொழிபெயர்ப்பாளரும் ஓர் அமெரிக்கப் பெண் இயக்குநரும் 1901 பாலாங்கிகா சம்பவத்தை (ஊர்மக்கள் அமெரிக்கப் படையைத் தாக்க, அமெரிக்கப் படை கொடூரமாகப் பழிவாங்கிய நிகழ்வு) யார் சொல்வது என்று போட்டி போட்டுத் திரைக்கதை எழுதுகிறார்கள். படிக்கத் தலை சுற்றும், அவசரப்படாதீர்கள்.