வீடு, மனை, பத்திரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மதுரையில் 1,800 சதுர அடி மனையில், 22 ஆண்டுகளுக்கு முன் 1,200 சதுர அடியில் கட்டிய வீடு எங்களுடையது. ஒரு கோடியே பத்து லட்சத்துக்குப் போகும் என்கிறார் தரகர். மகளின் படிப்புக்காக அடமானக் கடன் கேட்டபோது, வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 84 லட்சம் சொச்சம்தான் எழுதியிருக்கிறார். அரசின் வழிகாட்டி மதிப்பிலோ மனை 40 லட்சத்தைத் தொடவில்லை. எதை நம்புவது?
– வாசகி, மதுரை

பதில்: மூன்றும் வெவ்வேறு காரியங்களுக்கான கணக்குகள். வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவில் அரசின் வருவாய் குறைந்துவிடாமல் இருக்க, பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் வகுத்துள்ள அளவுகோல். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் இதற்குக் குறையாத தொகைக்கே வசூலிக்கப்படுகின்றன. தரகர் சொல்வது கேட்கும் விலை. படிகிற விலை என்ன என்பது முன்பணம் கைமாறும் நாளில்தான் தெரியவரும்.

மதிப்பீட்டாளரின் அறிக்கையை நான் பார்க்கவில்லை என்றாலும், அந்தத் தொகை எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மனைக்குச் சதுர அடி 3,800 ரூபாய் என்று வைத்தால் 68,40,000 ரூபாய். அதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 24 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டுகளாகவும், ஆயுள் முடிந்தபின் மிஞ்சும் மதிப்பை 10 சதவீதமாகவும் கொண்டால் 22 ஆண்டுகளின் தேய்மானம் 33 சதவீதம். அதைக் கழித்தால் கட்டடத்துக்கு 16,08,000 ரூபாய்தான் நிற்கும். இரண்டையும் கூட்டினால் 84,48,000. போன ஆண்டு பதித்த டைல்ஸும் வாசலில் நிற்கும் தேக்குக் கதவும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இந்தக் கணக்கில் தெரிவதில்லை.

அறிக்கையின் நகலைக் கேட்டுப் பாருங்கள். பத்திரத்திலுள்ள பரப்பும் நேரில் அளந்த பரப்பும் வேறுபட்டால், பெரும்பாலும் குறைந்ததையே எடுத்துக்கொள்வார்கள். அனுமதி வாங்காமல் மாடியில் எழுப்பிய அறையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அளவிலோ கட்டடத்தின் வயதிலோ பிழை இருந்தால், வரைபட அனுமதியின் நகலையும் அதே தெருவில் அண்மையில் பதிவான கிரையங்களின் விவரத்தையும் இணைத்து, மறுமதிப்பீடு கோரிக் கிளை மேலாளருக்கு எழுதலாம். "கொஞ்சம் கவனித்தால் மதிப்பை ஏற்றித் தருகிறேன்" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்றி எழுதிய மதிப்பினால் வீட்டின் விலை உயராது. உங்கள் மாதத் தவணைதான் உயரும்.

கேள்வி: வீட்டுக் கடனை முழுவதும் அடைத்து நான்கு மாதம் ஆகிறது. பத்திரங்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கின்றன, வந்ததும் தருகிறோம் என்றே வங்கியில் சொல்கிறார்கள். வில்லங்கச் சான்றிலும் அடமானம் அப்படியே இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, கடன் முழுவதும் அடைபட்ட 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். தாமதம் வங்கியினுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. உங்கள் நான்கு மாதத்தில் முதல் 30 நாட்களைக் கழித்தால் ஏறத்தாழ 90 நாட்கள், அதாவது நாலரை லட்சம் ரூபாய். இந்தக் கணக்கை உத்தரவின் தேதியோடு எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்பதற்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆவணம் தொலைந்துபோயிருந்தால், சான்றிட்ட நகல்களைப் பெற்றுத் தருவதும் அதற்கான செலவும் வங்கியின் பொறுப்பு. அதற்கு மட்டும் அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு.

ஆவணங்களை வாங்கும்போது, கடன் பெற்ற நாளில் வங்கி தந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். குறிப்பாக மூலப்பத்திரங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை, பணம் கட்டி முடித்ததால் மட்டும் அதில் எதுவும் மாறாது. கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி பதிவு செய்து தர வேண்டும். அதன் பிறகும் பழைய அடமானப் பதிவு அழியாது. கடன் தீர்ந்ததைக் காட்டும் புதிய பதிவு ஒன்று கூடுதலாகச் சேரும்.

கேள்வி: செங்கல்பட்டு அருகே ஒரு காலிமனை வாங்கிப் போட்டிருக்கிறேன். வேலையின் பொருட்டு ஐதராபாத்தில் வசிக்கிறேன். யாராவது போலிப் பத்திரம் போட்டுவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது.
– வாசகர், ஐதராபாத்

பதில்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பலர் செய்யும் தவறு, இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுவது. உங்கள் மனை 112/3ஏ1 என்றால், பிரிவதற்கு முந்தைய 112/3 என்ற எண்ணிலும் தேட வேண்டும். பதிவு செய்யப்படாத ஒப்பந்தமும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் இதில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து, காலிமனை வரியையும் உங்கள் பெயரிலேயே கட்டி வாருங்கள். கம்பி வேலி போட்டுப் பெயர்ப் பலகை வைக்க ஆகும் செலவு வீண் அல்ல. விற்கும் எண்ணம் இல்லாதபோது, விலை விசாரிக்கும் தரகர்களுக்குப் பத்திர நகலையும் ஆதார் நகலையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். ஆள்மாறாட்டம் செய்பவருக்கு முதலில் தேவைப்படுபவை அவைதான். அறியாத பதிவு ஏதேனும் கண்ணில் பட்டால், அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலை உடனே வாங்கி, மாவட்டப் பதிவாளரிடமும் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவிலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.