பாடத்துக்காக ஓர் ஓவியரின் வீடு வரைக்கும் ஆசிரியர் போகத்தான் வேண்டுமா? வீடியோ போதாதா?

கேட்டவர் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். அனுமதி கேட்டதற்கு "அதுதான் யூடியூபில் இருக்கிறதே" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். போய் வாருங்கள் என்பதுதான் என் பதில்.

நான் அலாஸ்காவில், ஆங்கரேஜில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். மார்ச் முதல் சனிக்கிழமை இங்கே நகரத் தெருவில் லாரியில் பனியைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி, இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பார்கள். பந்தயம் 1973-லிருந்து நடக்கிறது. மறுநாள் வழக்கமாக வில்லோ என்ற ஊரிலிருந்து நிஜமான ஓட்டம் கிளம்பும். மேற்குக் கரையில் இருக்கும் நோம் என்ற ஊர் வரைக்கும் சுமார் 1,600 கி.மீ. அதனால் பிப்ரவரி வந்தாலே எங்கள் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் நாய்தான்.

அப்படி ஒரு பிப்ரவரியில் பிள்ளைகளை நாய்வண்டி வரையச் சொன்னேன். கையில் இருந்த ஒரு படக்கதையைப் பார்த்து, கழுத்துப் பட்டையிலிருந்து வண்டிக்குக் கயிறு போவதுபோல் பலகையில் வரைந்து காட்டினேன். ஒரு பையன் மட்டும் நாயின் வால் பக்கமிருந்து கயிறு வரைந்திருந்தான். அதிகம் பேசாத பிள்ளை. "டீச்சர், நீங்க போட்ட கயிறு தப்பு" என்றான். படத்தைப் பார்த்து வரையப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அவன் ரப்பரை எடுத்து அழித்தான்.

அடுத்த வாரம்தான் வில்லோவில் நாய்வண்டிகளை மட்டுமே வரையும் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பள்ளி நேரத்தில் போகவில்லை, சனிக்கிழமை என் காரில், என் பெட்ரோலில் போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் சுற்ற ஒரு சாக்கு என்று எழுத இங்கே ஆட்கள் உண்டு.

முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு நாய் வீடுகள், ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை, உள்ளே வைக்கோல். வீட்டுக்குள் ஓவியச் சட்டத்தின் காலடியில் ஓய்வு பெற்ற கிழட்டு நாய் ஒன்று வாலால் மூக்கை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தில் 1925 ஜனவரிக் காட்சி. நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது 20 பேர் கைமாற்றிக் கைமாற்றி, சுமார் 150 நாய்களை வைத்து, 1,085 கி.மீ. தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து கொண்டுபோன கதை. கடைசிக் கட்டம் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை இருக்கிறது. இந்த அம்மா வரைந்துகொண்டிருந்தது டோகோ என்ற இன்னொரு நாயை. அந்த 20 பேரில் ஒருவரான லியோனார்ட் செப்பாலாவின் நாய்களுக்குத் தலைமை நாயாக முன்னால் ஓடி, நார்ட்டன் சவுண்ட் என்ற வளைகுடாவில் உறைந்த கடலைத் தாண்டியது அதுதான்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று துணியை டர்பன்டைனில் நனைத்து ஒரு கோட்டைத் துடைத்தார். எனக்குப் பதறிவிட்டது. வண்டிக்கு ஒட்டி ஓடும் நாயின் இழுகயிறு லேசாகத் தொய்ந்திருந்ததாம். "இது தொய்ந்தால் அந்த நாய் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்" என்றார். அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த சேணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மார்பிலும் தோளிலும் பட்டை பரவி, முதுகில் குறுக்காகப் போய், வால் பக்கம் ஒரு கண்ணியில் முடிகிறது. அங்கிருந்துதான் இழுகயிறு கிளம்பி, தேர்வடம் மாதிரி நடுவில் ஓடும் நீளக் கயிற்றில் சேர்கிறது. கழுத்துக் கயிறு நாய் விலகிப் போகாமல் இருக்க மட்டும்தான். அதில் இழுவையே கிடையாது.

அந்தப் பையன் வரைந்தது அப்படியே என் கையில் இருந்தது.

கிழட்டு நாயின் பாதத்தைத் தூக்கி விரல்களை விரித்தும் காட்டினார். இடையில் உள்ள முடியில் பனி உருண்டையாகத் திரண்டு தோலை அறுக்குமாம், அதனால்தான் காலுறை. அந்தப் பாதத்தின் சூட்டை எந்த வீடியோவிலும் தொட்டுப் பார்க்க முடியாது. இடிட்டராட்டுக்குப் பல வருடங்கள் போஸ்டர் வரைந்த ஜான் வான் ஸைல்கூட 1976-லும் 1979-லும் தானே வண்டி ஓட்டியவர்தான்.

நாய்களை வதைக்கும் பந்தயத்துக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். பந்தயத்தில் நாய்கள் இறந்திருக்கின்றன, அதை நான் மறைக்கவில்லை. பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

நேரில் தொட்டுத் தெரிந்துகொள்ளும் அனுபவத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பதினொரு வருடம் பாடம் நடத்திவிட்டு இங்கே வந்தவள் நான். என் பி.எட். பட்டத்தை மதிப்பிடக் கட்டணம் வாங்கிக்கொண்டு, திரும்பப் படி என்றார்கள். இரண்டு வருடம் உதவியாளராக நின்றேன். கையில் வேலை தெரிந்தவரைக் காகிதத்தை வைத்து எடைபோடுவது எத்தனை வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் புத்தகத்தைக் காட்டி வாயை அடைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும், "நீ சொன்னதுதான் சரி, நான் போட்டது தப்பு" என்று அவனிடம் சொன்னேன். அவன் மாமா நாய் வளர்ப்பவர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மார்க்கரைக் கொடுத்தேன். பலகை முழுக்க எட்டு நாய்கள், ஒவ்வொன்றுக்கும் விறைப்பாக ஒரு இழுகயிறு, தொய்வாக ஒரு கழுத்துக் கயிறு. வெள்ளிக்கிழமை வரை அழிக்கவில்லை. கணக்குகளை ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதிக்கொண்டேன்.